சர்க்கரைப் புண்: மருந்து புண்ணுக்கே போகுமா?

மழைக்காலத்தில் லேக் மார்க்கெட்டில் தேங்கிய தண்ணீரில் நடந்து காய்கறி வாங்கி வருகிறோம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், விழுங்கும் மாத்திரை புண்ணுக்குப் போதிய அளவு போய்ச் சேராது. கிருமிகளும் வழவழப்பான படலத்துக்குள் பதுங்கிக்கொள்ளும்.

இதனால்தான் மருந்தைப் புண்ணிலேயே வைக்கும் முறைகள் வந்தன. ஜென்டாமைசின் கலந்த கொலாஜன் பஞ்சும் கால்சியம் சல்பேட் மணிகளும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுத் தாமே கரைந்துவிடும். ஆயினும் பலன் இன்னும் உறுதிப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, இரவுதோறும் பாதங்களைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். சிவப்போ, வீக்கமோ, நாற்றமோ தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கால் பிழைக்கும்.