மருமகளை அழவைக்கும் கிழங்கு

ஆண்டீஸ் சந்தைகள் - 6

சென்ற வாரம் லிமா கடற்கரையில் நிறுத்தியிருந்தேன். அங்கே ஏறிய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,400 மீட்டர் உயரத்தில், குஸ்கோவில் இறக்கிவிட்டது. விடுதியின் மாடிப்படியில் பெட்டியோடு பன்னிரண்டு படி ஏறினேன். பதின்மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன். மண்டைக்குள் யாரோ உரல் இடிக்கிறார்கள். இந்த மலைக்கிறுகிறுப்புக்கு இங்கே 'சொரோச்சே' என்று பெயர். விடுதிக்கார அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கைப்பிடி கோக்கா இலையை வெந்நீரில் போட்டு நீட்டினார். காய்ந்த வைக்கோல் வாசனை. மறுநாள் தலை தெளிந்தது இலையாலா, தூக்கத்தாலா, சொல்லத் தெரியவில்லை.

குஸ்கோ இன்கா அரசர்களின் தலைநகர். அவர்களுடைய சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின் கற்சுவர்மேல் ஸ்பானியர்கள் மடமும் தேவாலயமும் எழுப்பினார்கள். 1950 மே மாதப் பூகம்பத்தில் மேலே இருந்தது பெரிதாகச் சேதமானது. சுண்ணாம்பே வைக்காமல் பொருத்திய இன்காக் கற்கள் நின்றன. எல்லா வழிகாட்டிகளும் இதைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். சுவர் பார்த்தது போதும், சந்தைக்குப் போவோம்.

சான் பெட்ரோ சந்தையில் பழச்சாறுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பப்பாளிச் சாறு வாங்கிப் பாதி குடித்திருப்பேன், கடைக்காரப் பெண் மிக்ஸி ஜாடியில் மிச்சமிருந்ததை என் டம்ளரில் கவிழ்த்து, "யாப்பா" என்றார். நம்முடைய கொசுறுதான்! கெச்சுவா மொழியில் கூட்டிக் கொடுப்பதைக் குறிக்கும் சொல். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் 'காசேரா' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வாடிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கத்துக்கும் ஒரே சொல் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அருகில் உள்ள சந்தை ஊர்களில் பீசாக்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். போனேன். முக்கால்வாசி என்னைப் போன்றவர்களுக்காகவே விரித்த கடைகள். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிப் பை. ஞாயிற்றுக்கிழமை ஷேர் வேனில் நெருக்கியடித்து சின்செரோ போனபிறகுதான் வந்த பயன் கிடைத்தது. அது குஸ்கோவைவிடவும் உயரம், 3,700 மீட்டருக்கு மேல். பக்கத்திலேயே பெரிய விமான நிலையம் ஒன்று கட்டுகிறார்கள். அது திறந்தால் நேராக அங்கேயே வந்து இறங்கி உட்காருவார்கள், பதின்மூன்றாவது படிகூட வேண்டியிருக்காது.

கைவினைக் கடைகளைத் தாண்டினால் கிழங்குக் குவியல்கள். ஊதா, கறுப்பு, மஞ்சள், விரல் மாதிரி நீளம், கூழாங்கல் மாதிரி உருண்டை. ஆண்டீஸில் உருளைக்கிழங்கு மட்டும் 3,000 வகைக்கு மேல். குவியலுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கட்டி போல ஒன்று. கையில் எடுத்தால் கனமே இல்லை. 'மொராயா'. ஜூன் மாத உறைபனியில் கிழங்கை இரவெல்லாம் வெளியே பரப்பி உறையவிடுகிறார்கள். ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காலால் மிதித்துச் சாற்றையும் தோலையும் எடுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். ஊறவைக்காமல் அப்படியே மிதித்துக் காயவைத்தால் கறுப்பாக வரும், அது 'சுன்யோ'. வற்றல் போட நமக்கு வெயில் மட்டும் போதும். இவர்களுக்குப் பனியும் வேண்டும். வருஷக்கணக்கில் கெடாது.

குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெண் மக்காச்சோள மூட்டையோடு வந்தாள். காசு கைமாறவில்லை. இவள் பாவாடை மடியில் சோளம், அவள் மடியில் மொராயா. அளந்து முடித்ததும் இரண்டு பேருமே ஒரு பிடி கூடப் போட்டார்கள். பண்டமாற்றிலும் யாப்பா உண்டு.

பேச்சில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுந்தது: நொகான்ச்சிஸ். என்னிடம் திரும்பியபோது மட்டும் அது 'நொகாய்க்கு' ஆனது. கூட வந்த உள்ளூர்ப் பையன் விளக்கத் தொடங்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. முதலாவது நாம், இரண்டாவது நாங்கள். இந்த வித்தியாசத்தை ஸ்பானிய மொழியில் விளக்க அவன் பட்ட பாடு எனக்குத் தேவைப்படவில்லை. பாட்டியின் 'நாம்' கணக்கில் நான் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துபோயிற்று.

நானும் ஒரு கிலோ வாங்கினேன். விலையைக் குறைக்கக் கேட்டேன், பாட்டி மசியவில்லை. ஆனால் புடைப்பும் பள்ளமுமாக, அன்னாசிப்பழத்துக்குத் தம்பி போலிருந்த ஒரு கிழங்கைத் தூக்கிப் பையில் போட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பெயர் 'கச்சுன் வகாச்சி', மருமகளை அழவைப்பது. புதுப்பெண் கையில் இதைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்வாளாம் மாமியார். சதை வீணாகாமல் சீவினால்தான் வீட்டுக்கு ஏற்றவள்.

அன்று இரவு விடுதிச் சமையலறையில் கத்தியோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எலுமிச்சை அளவுதான் மிஞ்சியது. விடுதிக்கார அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பச்சையாக ஏன் சீவுகிறீர்கள்? வேகவைத்தால் தோல் தானே வருமே."

(தொடரும்)