வேகமும் ஆயுளும்

நம் மைசூர் யாதவகிரியில் 1960-ஆம் ஆண்டு தோன்றிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அங்கே பிறந்த ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இன்றும் அக்ரஹாரத் தெருக்களில் ஓடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 250 சி.சி. கொண்ட ஆரம்பகால ஜாவாவின் வலிமை ஏறக்குறைய 12 குதிரைச் சக்தியே. அவ்வடக்கமே அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் எனலாம்.

அத்தகைய வண்டியொன்றைப் பந்தய வண்டியாக்க என் தம்பி ஆசை கொண்டான். ஒரு பட்டறையில் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினர், துவாரங்களை அகலப்படுத்தினர். "அண்ணா, இனிச் சாமுண்டி மலையும் ஒரு மேடா?" என்றான். பத்தாம் நாள் அம்மலைப் பாதையிலேயே பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் சுழலாது நின்றது. கையெலும்பு முறிவோடு அவன் தப்பியது தெய்வச் செயல். அன்றிரவு எங்கள் தாயார் உணவு கொள்ளவில்லை.

காரணம் யாது? வலிமை பெருகினால் உஷ்ணமும் பெருகும். அதே உஷ்ணத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே அலுமினியப் பிஸ்டனுக்கும் இரும்புச் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சுழற்சியைக் கூட்டுவதிலும் அபாயம் உண்டு. நிமிஷத்துக்கு 5,000 சுற்றை 6,000 ஆக்கினால் கூடுவது ஐந்தில் ஒரு பங்கே. கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ 44 சதவீதம் கூடிவிடும்.

அப்படியாயின் வேகத்தை விரும்புவது குற்றமா? அன்று. கோவை எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை ஆசனப் பந்தயக் காரை உருவாக்கியபோது, அதில் பொருத்தியது குடும்பங்கள் ஓட்டும் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்ஜினையே. உறுதியான சிறு எஞ்ஜினை இலேசான உடலில் அமைத்தால், எஞ்ஜினை வதைக்காமலே வேகம் கிட்டும். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவரது பெயரையே கோவைக்கருகிலுள்ள பந்தயப் பாதை தாங்கி நிற்கிறது.

ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இது புதுமையன்று. எஞ்ஜின் இழுக்கும் என்பதற்காக மட்டும் நாங்கள் பெட்டிகளைப் பூட்டுவதில்லை. பிரேக் தாங்குமா என்பதையும் பார்த்த பின்னரே வண்டிக்கு வழி விடுவோம். கார் ஆயினும் மோட்டார் சைக்கிள் ஆயினும் முறை அதுவே. முதலில் பிரேக்கும் டயரும். அடுத்து குளிர்விப்பும் எண்ணெயும். பின்னர் எடைக் குறைப்பு. கடைசியில்தான் குதிரைச் சக்தி. அதையும் சிறுகச் சிறுகக் கூட்டிச் சோதித்தல் வேண்டும்.

பதிவுச் சான்றின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் இளைஞர் மறத்தலாகாது. பந்தயத்துக்கு உரிய இடம் பந்தயப் பாதையே.

பெற்றோர்களே, பிள்ளையின் ஆர்வத்தைக் கடிந்து அணைக்க வேண்டாம். "எவ்வளவு வேகம் போகும்?" என்று அவன் பெருமை பேசும்போது, "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று மட்டும் கேளுங்கள். என் தம்பியை அக்கேள்வி கேட்க நான் தவறினேன்.