அந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாமா?

காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் பக்கத்து வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை நடக்காமல், பேசாமல் பாயிலேயே கிடக்கிறதா? "தலையெழுத்து, என்ன செய்யறது?" என்கிறார்களா பெற்றோர்?

தோழர்களே, தலையெழுத்து என்று விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அசைக்காமல் விட்ட கைகால் மூட்டுகள் நாளடைவில் இறுகிவிடும். பிறகு நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.

மறுவாழ்வு என்றால் மருந்து மாத்திரை மட்டுமல்ல. தானே சாப்பிட, சட்டை போட, கக்கூசுக்குப் போக, நாலு பேரோடு பழக, முடிந்தால் ஒரு தொழில் செய்யப் பழக்குவதுதான் மறுவாழ்வு.

இதற்காகவே சமூகநல இலாகாவின் ஆதரவில் 'பி.டி.கே.' என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் நடக்கின்றன. 1984-ல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் 55 பேரோடு தொடங்கிய திட்டம், இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. அங்கே உடம்பை அசைக்கவும், பேசவும், எண்ணவும் பழக்குவார்கள். மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் முறையும் இருக்கிறது. தாய் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். மையத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கையில்தானே!

முதலில் செய்ய வேண்டியது பதிவு. 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டப்படி இவர்களுக்குக் கல்வி, வேலை, மறுவாழ்வு எல்லாவற்றிலும் உரிமை உண்டு. அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ டாக்டரிடம் காட்டி, பாரத்தில் உறுதிப்படுத்தி வாங்குங்கள். அதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுத்தால் 'ஓ.கே.யு.' அட்டை கிடைக்கும். பாரம் நிரப்பத் தெரியவில்லையா? தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

வேலையில் அடிபட்டுக் கைகால் இழந்த தோழர்களே, சொக்சோவில் சந்தா கட்டியவர்கள் நீங்கள். நஷ்டஈட்டுப் பணத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். செயற்கைக் கால், கை, மறுபடி வேலைக்குத் திரும்பப் பயிற்சி இவற்றுக்கும் சொக்சோவில் வழி உண்டு. மலாக்காவில் இதற்கென்றே பெரிய மறுவாழ்வு மையம் நடத்துகிறார்கள். விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் அந்தப் பிள்ளையையும் கூட்டிவாருங்கள். "நொண்டி", "ஊமை" என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். மறுவாழ்வு மையத்தால் மட்டும் ஆவதில்லை. நம் லயத்து ஜனங்களாலும் ஆக வேண்டியது அது.