பொத்தானை யார் அழுத்துவது?

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தவர் முதலில் உணர்வது வலியைத்தான். இருமினால் அது கூடும், அசையாதிருந்தால் குறையும். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. வலியை அளக்கக் கருவி இல்லை. நோயாளி ஒருவரே அதன் அளவை அறிவார். அப்படியானால், மருந்து எப்போது வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கலாம் அல்லவா? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே நோயாளி தானே இயக்கும் வலிநீக்க முறை. வழக்கமாக இதற்கு, பொத்தான் பொருத்திய பம்பு ஒன்று இரத்தக்குழாய்க்குள் மருந்தைச் செலுத்தும்.

ஊசியும் குழாயும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியது அயான்சிஸ் என்னும் கருவி. 2006-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் மட்டுமே பயன்படுத்தப்பட்ட இக்கருவியை மேற்கையிலோ மார்பிலோ ஒட்டினார்கள்.

இதிலிருந்த மருந்து ஃபென்டனில். பெல்ஜியத்தில் பால் ஜான்சன் 1960-இல் உருவாக்கிய இது, மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகி, நின்றே போகலாம். எனவே அளவைக் கட்டுப்படுத்துவதே இங்கு முதன்மையான சிக்கல்.

இங்கேதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருப்பீர்கள். கருவியிலுள்ள கூழில் ஃபென்டனில் நேர் அயனியாக இருக்கிறது. கூழுக்கு மேலே நேர்மின்வாய் உண்டு. மின்னோட்டம் பாயும்போது நேர்மின்வாய் அந்த அயனிகளை விலக்கித் தோலுக்குள் தள்ளுகிறது. இம்முறைக்கு அயன்டோஃபோரிசிஸ் என்று பெயர்.

3 விநாடிக்குள் பொத்தானை இருமுறை அழுத்தினால், 170 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் பாயும். 40 மைக்ரோகிராம் மருந்து உட்செல்லும்; ஒட்டிய முதல் சில மணி நேரத்தில் மட்டும் இதைவிடக் குறைவாகச் செல்லும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 170 மைக்ரோ ஆம்பியர், 600 விநாடி. பெருக்கினால் மின்னூட்டம் 0.102 கூலூம். ஒரு மோல் ஃபென்டனில் அயனியின் மின்னூட்டம் ஏறத்தாழ 96,500 கூலூம். நிறை 336 கிராம். எனவே அந்த மின்னூட்டம் முழுவதையும் ஃபென்டனிலே சுமந்தால் சுமார் 355 மைக்ரோகிராம் உள்ளே போக வேண்டும். ஆனால் போவதோ 40 தான். மீதியைச் சுமப்பவை எவை? உடலிலிருந்து எதிர்த்திசையில் வரும் குளோரைடு போன்ற பிற அயனிகள். மின்னோட்டத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே மருந்தின் பங்கு. ஆயினும் மின்னோட்டமும் நேரமும் மாறாதிருந்தால் மருந்தின் அளவும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

அந்த 10 நிமிடத்துக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஆகவே மணிக்கு 6 தவணைக்கு மேல் கிடைக்காது. 24 மணி நேரம் அல்லது 80 தவணை முடிந்ததும் கருவி நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. அதுதான் நோயாளியின் உறக்கம்! மருந்து சற்று மிகுந்தால் அவர் கண்ணயர்வார். உறங்குபவர் பொத்தானை அழுத்தமாட்டார். மருந்தளவு தானே இறங்கும். சலவைப் பெட்டி சூடு மிகுந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்வதைப் போன்றது இது. “பாவம், தூக்கத்திலும் முனகுகிறாரே” என்று இரங்கி, மகனோ மனைவியோ அழுத்திவிட்டால்? துண்டித்த மின்சாரத்தை மீண்டும் இணைத்ததற்கு ஒப்பாகும். அன்பினால் செய்வதே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மனிதர் மட்டுமல்ல, கருவியே தன்னைத்தான் இயக்கிக்கொண்டாலும் ஆபத்துதான். ஓர் உறுப்பில் அரிப்பு ஏற்பட்டு அப்படி நேரக்கூடும் என்று தெரிந்ததும், 2008-இல் ஐரோப்பாவில் இக்கருவி திரும்பப் பெறப்பட்டது. பின்னர், மருந்துப் பகுதியையும் மின்னணுப் பகுதியையும் தனித்தனியே வைத்து, பயன்படுத்தும்போது இணைக்குமாறு திருத்தி அமைத்தார்கள். அதற்கு 2015-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 2017-இல் நிறுவனமே அங்கு விற்பனையை நிறுத்திக்கொண்டது.

பொத்தான் இல்லாத ஃபென்டனில் ஒட்டுப் பட்டைகள் இன்றும் உள்ளன. புற்றுநோய் போன்ற நீடித்த கடும் வலிக்கு மருத்துவர் அவற்றைத் தருவார். அவற்றில் மருந்து விரவல் முறையில் மெல்லப் பரவுகிறது. முழுப் பயன் கிடைக்கப் பல மணி நேரம் ஆகும். பிரித்தெடுத்த பின்னும் தோலில் தங்கிய மருந்து உள்ளே சென்றுகொண்டிருக்கும். நினைத்தவுடன் கூட்டவோ குறைக்கவோ இயலாததால் அறுவை சிகிச்சை வலிக்கு அவை ஏற்றவையல்ல. வெந்நீர்ப் பையை அவற்றின்மேல் வைத்தால் விரவல் விரைந்து மருந்து மிகும். பயன்படுத்திய பட்டையிலும் மருந்து எஞ்சியிருக்கும். குழந்தைகள் கைக்கு அது எட்டவே கூடாது.

மாணவர்களே, பம்புப் பொத்தானைப் பிடித்தபடி படுத்திருக்கும் உறவினருக்கு நீங்கள் துணையிருக்க நேரலாம். அந்தப் பொத்தானை நீங்கள் தொடாதீர்கள். அவர் மூச்சு விடுவதைக் கவனியுங்கள். அது மெதுவாகிவிட்டாலோ, தட்டியும் எழாவிட்டாலோ, உடனே செவிலியரை அழையுங்கள்.