சான்றிதழும் தரமும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் பட்டணத்துக் கிளினிக்குக்கு ஓடுகிறோம். அந்தக் கிளினிக் நல்ல கிளினிக்தானா என்பதை எப்படி அறிவது?

முதலில் மருத்துவரைப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி அவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, தொழில் புரிவதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்தது கிளினிக். 1998இல் இயற்றப்பட்டு 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தனியார் கிளினிக்குகள் சுகாதார அமைச்சிடம் பதிவு பெற வேண்டும். இவ்விரண்டும் கட்டாயம்.

ஆனால் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இருப்பதனால் மட்டும் வகுப்பில் பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? அதற்காகத்தான் பள்ளிக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள். மருத்துவத்தில் அத்தகைய ஆய்வுக்குத் தர அங்கீகாரம் என்று பெயர். வெளியார் வந்து, நோயாளிகளின் குறிப்பேடு, கருவிகளின் தூய்மை, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை, புகார்களைக் கவனிக்கும் முறை ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு சோதிக்கப்படுகின்றன. நம் நாட்டில் 1997இல் தோன்றிய மலேசிய சுகாதாரத் தரச் சங்கம் மருத்துவமனைகளுக்கு இத்தகைய அங்கீகாரம் வழங்கி வருகிறது. இது கட்டாயமன்று, விரும்பிக் கேட்டுப் பெறுவது.

குறிப்பேட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நம் புக்கிட் பெலண்டோக்கே அதற்குச் சாட்சி. 1998-99இல் பரவிய காய்ச்சலை முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். ஆனால் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள்; தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் அவர்களில் இருந்தனர். யாருக்கு வந்தது, அவர் என்ன வேலை செய்தார், என்ன ஊசி போட்டார் என்ற விவரங்களே இது வேறு நோய் என்ற ஐயத்தை எழுப்பின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். அதுவே நிப்பா. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர்.

ஆகவே நேயர்களே, மருத்துவர் கேட்கும்போது செய்யும் வேலையையும் போட்ட ஊசியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அதை எழுதிக் கொள்கிறாரா என்று பாருங்கள். மருந்தின் பெயரையும் கட்டணத்தையும் கேளுங்கள். குறையிருந்தால் புகார் செய்ய வழி வைத்திருக்க வேண்டுமென்று சட்டமே கூறுகிறது. தோட்டத்து டிரசர் காலத்திலிருந்து நாம் வெள்ளைச் சட்டைக்கு முன் வாய் பொத்தி நின்றே பழகிவிட்டோம். கேட்பது மரியாதைக் குறைவன்று. வெளியார் ஆய்வு வராத கிளினிக்கில், கேட்கும் நாமே ஆய்வாளர்கள்.