யாவர்க்கும் திறந்த கடை

கடைத்தெரு யாவர்க்கும் பொதுவானதோர் இடமாம். கையிற் பொருளுடையார் எவராயினும் அங்குச் சென்று வேண்டுவன கொள்ளலாம் என்பது வாணிகத்தின் முதல் நியதி. இக்காலத்திலோ கடைகளிற் பல இணையத்தின்கண்ணும் குடியேறிவிட்டன. துணியும் மருந்தும் புகைவண்டிச் சீட்டும் வலைத்தளங்களின் வாயிலாக விற்கப்படுகின்றன. வங்கிக் கணக்குகளும் அங்ஙனமே தொடங்கப்படுகின்றன. இப்புதிய கடைத்தெருவினுள் பார்வையற்றோரும், செவிப்புலனற்றோரும், கைகளை விரும்பியவாறு அசைக்கவியலாதோரும் தாமே புகுந்து பொருள் கொள்ளக் கூடுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இவ்வினா ஒரு சிலரை மட்டும் பற்றியதென்று கருதற்க. உலக மக்களில் அறுவருள் ஒருவர், அஃதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடற்குறை முதலியன உடையரென உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

பார்வையற்றார் கணினியை எங்ஙனம் ஆளுகின்றனர் என்பதை முதற்கண் அறிதல் நலம். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையிலுள்ள சொற்களை வரிசையாகப் படித்து ஒலிக்கும். ஆஸ்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. இதனைப் பயன்படுத்துவோர்க்குச் சுட்டியால் ஆவதொன்றில்லை. அதன் அம்புக்குறி திரையில் எங்குள்ளதென்று காண்டல் அவர்க்கு இயலாதன்றோ? ஆதலின் அவர் விசைப்பலகையின் டேப் விசையை அழுத்தி ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்வர். ஒவ்வோரிடத்தின் பெயரையும் மென்பொருள் கூற, அதனைக் கேட்டு வேண்டியதைத் தெரிந்துகொள்வர்.

இடர்ப்பாடு தோன்றுவது இங்கேதான். பெயர் இட்டிருந்தாலன்றோ கூறவியலும்? கூடையின் வடிவத்தைப் பொத்தானாக வரைந்து வைத்த வணிகர், ‘கூடையிற் சேர்க்க’ என்னும் சொற்களை அதனோடு இணையாது விடுவாராயின், கேட்போர் செவியிற் ‘பொத்தான்’ என்னும் ஒரு சொல்லே விழும். அத்தகைய பொத்தான்கள் ஒரு பக்கத்திற் பத்து இருப்பின் பத்து முறையும் அச்சொல்லே ஒலிக்கும். சேலையின் படத்திற்கு விளக்கம் இல்லையெனின் நிறமும் தெரியாது, கரையும் தெரியாது. இங்ஙனம் வழியடைபட்ட ஒருவர், அண்டை வீட்டாரை அழைத்துத் தம் வங்கி அட்டையின் எண்ணையும் கடவுச்சொல்லையும் அவர்பால் ஒப்படைக்க நேர்கின்றது. பொருள் வீடு வந்து சேரலாம். ஆயின் தம் காரியத்தைத் தாமே செய்தோம் என்னும் தன்மதிப்பு அவரை விட்டு நீங்குகின்றது.

இதற்குரிய பரிகாரங்கள் பெரும்பாலும் எளியனவே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-ஆம் ஆண்டில் இவற்றை விதிகளாகத் தொகுத்து வெளியிட்டது. அவை பன்முறை திருத்தப்பெற்று, 2.2 என்னும் பதிப்பு 2023-இல் வெளிவந்தது. அவற்றுட் சிலவற்றைக் கூறுவாம். பொருளுணர்த்தும் படம் ஒவ்வொன்றிற்கும் சொல்லால் விளக்கம் அமைத்தல் வேண்டும். சுட்டியால் செய்வன யாவும் விசைப்பலகையாலும் செய்யக்கூடுவன ஆதல் வேண்டும். இது பார்வையற்றோர்க்கேயன்றிக் கைநடுக்கமுற்ற முதியோர்க்கும் உதவும். சாதாரண அளவுள்ள எழுத்திற்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது. ‘சிவப்புக் கட்டங்களை நிரப்புக’ என நிறத்தை மட்டும் அடையாளமாகக் கூறுதல் தகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதோர் பலர் உளர். பேச்சமைந்த காணொளிக்கு அப்பேச்சின் எழுத்துவடிவம் உடன் தோன்றுதல் வேண்டும்.

இவற்றைச் செய்தல் வணிகரின் கருணையைப் பொறுத்ததோ, கடமையோ என்னும் வினாவும் எழுந்தது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவிற் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு, டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதன் தளத்திலுள்ள படங்கட்கு விளக்கம் இல்லை என்பதும், சுட்டியின்றி வாங்குதலை முடிக்க இயலாது என்பதும் முறையீடு. மாற்றுத் திறனாளிகட்காக 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் கட்டடமாகிய கடைக்கே உரியதென நிறுவனம் வாதித்தது. கடையோடு தொடர்புற்ற தளத்திற்கும் அது செல்லும் என்று கொண்டு நீதிமன்றம் வழக்கை நடத்த இடமளித்தது. 2008-இல் நிறுவனம் 60 லட்சம் டாலர் அளிக்கவும் தளத்தைச் சீர்செய்யவும் உடன்பட்டுச் சமாதானமாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. வங்கிக் கணக்குத் தொடங்குவோர் ஒளிப்படக்கருவியின் முன் கண்ணிமைத்துக் காட்டல் வேண்டும் என்னும் முறை வழங்கிற்று. அமிலம் வீசப்பட்டு முகமும் கண்களும் சிதைவுற்றோர் எங்ஙனம் கண்ணிமைப்பர்? அத்தகையோரும் பார்வையற்ற ஒருவரும் முறையிட, இணைய வசதிகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையுள் அடங்குமென உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் தீர்ப்பளித்தது.

செலவு மிகுமே என்பார் உளர். வீடு கட்டும்போதே வாயிலை அகலமாக வைத்தல் எளிது. கட்டிய பின்னர்ச் சுவரை இடித்து அகலப்படுத்தலோ அரிது. தளமும் அத்தன்மைத்தே. இனி, ஒற்றை வரியைச் சேர்த்தாற் குறையனைத்தும் தானே தீரும் என்று கூறி மென்பொருள் விற்போரும் உளர். அங்ஙனம் ஆதாரமின்றி விளம்பரஞ் செய்த ஆக்சஸிபி என்னும் நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்துமாறு அமெரிக்க வாணிக ஆணையம் 2025-இல் கட்டளையிட்டது. வெடித்த சுவர்க்கு வெள்ளையடித்தல் பழுதுபார்த்தலாகாது.

நண்பர்காள்! நாளை உங்களிற் பலர் இத்தகைய தளங்களை அமைப்பீர். சிலர் வணிகம் நடத்துவீர். பணி முடிந்ததென்று கருதும் அன்று, சுட்டியை அப்பால் வைத்துவிட்டு ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். பின்னர்த் திரையை அணைத்து, திரைவாசிப்பானின் குரலை மட்டுங் கேட்டு அதனையே மீண்டுஞ் செய்யுங்கள். அதன்பின் பார்வையற்றார் ஒருவரைக் கொண்டும் சோதியுங்கள். உங்கள் செவிக்குப் புலப்படாத குறை அவர்க்குப் புலப்படும். அவர் பிறர் துணையின்றி வாங்கி முடித்தனராயின், அன்றே உங்கள் கடை திறந்ததெனக் கொள்ளலாம்.