குண்டு போய் விழும் இடம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் 2022 ஜூலை 17 அன்று ஒரு தனியார் பள்ளி எரிந்தது. விடுதி மாணவி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டுத் திரண்ட கூட்டம் கைமீறிப் போயிற்று. கல்வீச்சு நடந்தது, பள்ளிப் பேருந்துகள் தீக்கிரையாயின, காவலர்கள் மண்டை உடைந்து நின்றார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது என்று அன்று மாலைச் செய்திகள் சொல்லின. துப்பாக்கிக் குண்டு பட்டு யாரும் சாகவில்லை. அதுவரை நிம்மதி.

"வானத்தை நோக்கித்தானே சுட்டார்கள்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மேலே போன குண்டு எங்கே போய் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி என்ற கருவியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்புத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்தால் ஒரு சுத்தி விழுகிறது, கேப்பு அடிபட்டுத் தீப்பொறி பறக்கிறது. நிஜத் துப்பாக்கியிலும் தொடக்கம் இதுதான். தோட்டாவின் அடியில் கேப்பு போன்ற ஒரு சிறு கிண்ணம் இருக்கும். ஊசி அதைக் குத்தியதும் உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்ட வாயுவுக்கு வெளியேற ஒரே வழி, முன்னால் இருக்கும் ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு குழல் வழியாக ஓடுவதுதான். எல்லாம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் முடிந்துவிடும்.

போலீசார் வைத்திருக்கும் எஸ்.எல்.ஆர். ரைபிளின் குழலுக்குள் திருகுமரை போல வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளில் உரசிச் சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் சுற்றும்வரை சாயாமல் நிற்கிறதல்லவா, அதே காரணத்தால் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேராகப் பறக்கிறது. அந்தச் சுழற்சி விநாடிக்கு ஏறத்தாழ 2,700 சுற்று. வேகமோ விநாடிக்கு 800 மீட்டருக்கும் மேல், அதாவது ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். முந்நூறு மீட்டரில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் எட்டுவதற்குள் குண்டு எட்டிவிடும். எதிலும் மோதாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் விழக்கூடியது அது. கள்ளக்குறிச்சி நகரின் ஒரு முனையில் புறப்பட்டால் மறுமுனையில் மொட்டைமாடியில் துணி காயவைப்பவர் வரை எட்டும்.

நேர் செங்குத்தாகச் சுட்டால் குண்டு மேலே வேகமிழந்து நின்று, பிறகு தன் எடையால் மட்டும் கீழே விழும். காற்று அதைத் தடுப்பதால் விழும் வேகம் விநாடிக்குச் சுமார் 90 மீட்டரோடு நின்றுவிடும். ஆனால் மண்டை ஓட்டைத் துளைக்க அதுவே போதும். கூட்டத்தின் நடுவே பதற்றத்தில் நிற்கும் காவலர் செங்குத்தாகச் சுடுவதும் அரிது, துப்பாக்கி சற்றுச் சாய்ந்தே இருக்கும். சாய்வாகப் போன குண்டு தன் சுழற்சியையும் வேகத்தில் கணிசமான பகுதியையும் வைத்துக்கொண்டே தொலைவில் இறங்கும். அங்கே இருப்பவருக்குக் கலவரம் நடப்பதே தெரியாது. வானத்தை நோக்கிச் சுடுவதைக் கருணையான வழி என்று எண்ணுவது தவறு. அந்தக் குண்டு யாரைத் தொடும் என்பது சுட்டவர் கையில் இல்லை.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை சாட்சி. 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அங்கே கலவரமும் இல்லை, குற்றவாளியும் இல்லை. அது பயிற்சி நேரம்.

சுடுதளம் என்பது வெறும் மைதானம் அன்று. இலக்கு அட்டைக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும். போலீசார் அதை 'பட்' என்பார்கள். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும், பாறையோ அதைத் தெறிக்கவிடும். மேட்டைத் தாண்டிப் போகும் குண்டுக்காக அதற்குப் பின்னாலும் நெடுந்தூரம் ஆளில்லாத நிலம் வேண்டும். சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும், சுற்றுவட்டாரத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதைத் தேடாமல் யாரும் நகரக் கூடாது.

அங்கே ஒரு காவலர் படுத்துக் குறிபார்ப்பதை அருகிருந்து பார்த்தால் கருவியின் நுட்பம் விளங்கும். கால்களை அகட்டி, இடது முழங்கையைத் தரையில் ஊன்றி, கட்டையைத் தோள்குழியில் அழுத்திப் படுக்கிறார். கண், பின்குறி, முன்குறி, இலக்கு நான்கும் ஒரே கோட்டுக்கு வரவேண்டும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, விரல் நுனியால் விசையை மெல்ல அழுத்துகிறார். வெடுக்கென்று இழுத்தால் குழலின் முனை அசைந்துவிடும். இரண்டு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் இருப்பதாகக் கொண்டால், முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் நூறு மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் படும். இருநூறு மீட்டரில் அது 40 சென்டிமீட்டர். தொடையைக் குறிவைத்தது வயிற்றில் பாய அவ்வளவு போதும்.

இது அமைதியான காலை வேளையில், அசையாத அட்டையின் மீது. தெருவில் அட்டை நிற்பதில்லை. மனிதர்கள் ஓடுகிறார்கள், கல் பறக்கிறது, காவலரின் இதயம் படபடக்கிறது, கை நடுங்குகிறது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லை, கடையும் வீடும் குழந்தையும்தான் இருக்கின்றன. இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைப் பயிற்சி ஏழு மாதம். அணிவகுப்பு, சட்டம், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் அதற்குள்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அதில் துப்பாக்கிக்குக் கிடைக்கும் நாட்களையும் அட்டையைத் துளைப்பதிலேயே கழித்தால், எப்போது சுடக்கூடாது என்பதை அவர் எங்கே பழகுவார்?

சட்டம் இதை யோசித்திருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரிக்கும் மட்டுமே உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. காவல்துறை விதிகளின்படி முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி, எதுவும் பலிக்காமல் உயிருக்கு ஆபத்து என்றால்தான் துப்பாக்கி. அதுவும் தாழ்வாகக் குறிவைத்து, தேவைக்கு மேல் ஒரு குண்டும் இல்லாமல். 1990-ல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளும், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்றுதான் சொல்கின்றன.

ஏட்டில் உள்ளது தெருவில் என்ன ஆகிறது என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் இறந்தார்கள். உடற்கூறாய்வு அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் நிறுவனம், அவர்களில் 12 பேருக்குக் குண்டு பட்டது தலையிலோ மார்பிலோதான் என்றும், அதில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டவர்கள் என்றும் எழுதியது. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் கலைந்து ஓடியவர்கள் மீது சுட்டதைக் கண்டித்தது. தாழ்வாகச் சுடு என்ற விதி அன்று எங்கே போயிற்று?

போலீஸ் துப்பாக்கிக்காவது கணக்கு உண்டு, ரவுண்டுக்கு ரசீது உண்டு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் கணக்கில் வராத ஒரு துப்பாக்கி இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி. வழக்குப் பதிவில் அதை எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள்.

இந்த மலை மூன்று ஜாகீர்களாகச் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் வழியினரின் கையில் இருந்து, 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. காவல் நிலையம் எட்டாத தூரத்தில் இருந்த காலம் அது. சாமையும் மரவள்ளியும் விளையும் காட்டைப் பன்றியிடமிருந்து காக்கப் பரணில் இரவெல்லாம் விழித்திருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி ஒரு விவசாயக் கருவியாகவே பழகிப்போனது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் தெரிவது எடை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழல், அதைத் தாங்கும் மரக்கட்டை, பின்பக்கம் வளைந்து நிற்கும் குதிரை. தோட்டா கிடையாது. மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகவே போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். உள்ளே வரி இல்லாததால் குண்டு சுழலாது, சிறு குண்டுகளாகப் போட்டால் விரிந்து பறக்கும். ஒன்றுக்குக் குறிவைத்தால் பக்கத்தில் நிற்பவரையும் தொடும். அளவு பார்க்காமல் இடித்த மருந்து, பட்டறையில் செய்த குழலையே பிளந்து சுடுபவரின் கண்ணையும் விரலையும் கொண்டுபோகும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது இன்னொன்று. ரைபிளில் மேகசீனைக் கழற்றி, போல்ட்டை இழுத்தால் தோட்டா வெளியே வந்துவிடும். நாட்டுத் துப்பாக்கியில் ஒருமுறை கெட்டித்ததை எளிதில் எடுக்க முடியாது, சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். பன்றி வராத இரவில் அது கெட்டித்தபடியே வீட்டுக்கு வருகிறது, மூலையில் சாய்கிறது. மறுநாள் குழந்தை அதைத் தொடுகிறது. இருட்டில் புதர் அசைவதைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு, உடன் போனவரே இறந்த செய்திகளும் தமிழக மலைகளில் புதிதல்ல.

ஆயுதச் சட்டம், 1959 மலைவாசியை அடியோடு மறந்துவிடவில்லை. உண்மையாகவே பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க 13-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. செய்து விற்றால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை. திருமண வீட்டில் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தாலும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் ஆணையிட்டது. ஆனால் கல்வராயன் மலையில் பெரும்பாலான வயல்கள் காட்டை ஒட்டியே இருக்கின்றன. அந்த மூன்று கிலோமீட்டர் கணக்கு மலை விவசாயிக்கு உதவாது. வேலியும் பயிர் இழப்பீடும் நேரத்தில் கிடைத்தால்தான் அவர் துப்பாக்கியைக் கீழே வைப்பார். ஆயுதத்தை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு வயலை மறப்பது நியாயம் இல்லை.

மலையில் வீட்டு மூலையிலோ பரணிலோ பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது கெட்டித்து இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சோதிக்க வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், ஊராட்சித் தலைவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். அவர்கள் மூலம் கரியாலூர் காவல் நிலையத்துக்குச் சேதி போகட்டும், வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவரை குழல் வாய்க்கு நேரே யாரும் நிற்காதீர்கள்.